இயற்பியலில் பிஎச்டி: சேரலாமா, எப்படிச் சேர்வது? சென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில் மாணவர்கள் வந்து கேட்கிற முதல் கேள்வி, "சார், பிஎச்டிக்கு எந்தத் தலைப்பு எடுக்கலாம்?" என்பதுதான். தலைப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சேர்ந்த பிறகு பாதிப் பேருக்குத் தலைப்பு மாறிவிடும். அதற்கு முன்னால் மூன்று விஷயங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஐந்து வருடம் தினமும் என்ன வேலை செய்யப்போகிறீர்கள்? அதற்கு யார் பணம் தரப்போகிறார்கள்? யாரிடம் சேரப்போகிறீர்கள்? இதைக் கேட்காமல் சேர்ந்தவர்கள்தான் நான்காவது வருடம் முழிக்கிறார்கள்.

1. பிஎச்டி இல்லாமல் நடக்கிற காரியமா என்று பாருங்கள்

இயற்பியல் பிடிக்கும் என்பது வேறு, பிஎச்டி தேவை என்பது வேறு. கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் ஆசை என்றால், 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த திருத்தத்தின்படி உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளில் ஒன்று குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி கட்டாயமில்லை. போட்டியில் பிஎச்டி வைத்திருப்பவர் முந்தக்கூடும், அது உண்மைதான். ஆனால் "டாக்டர் பட்டம் இல்லாவிட்டால் கல்லூரிக்குள் நுழையவே முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அணுசக்தித் துறையில் விஞ்ஞானியாக வேண்டும் என்பவர்களுக்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (பார்க்) பயிற்சிப் பள்ளி இருக்கிறது. எம்எஸ்சி இயற்பியல் முடித்து, தேர்வும் நேர்காணலும் தாண்டினால் ஒரு வருடப் பயிற்சி, அப்புறம் வேலை. கல்பாக்கத்திலும் அந்தப் பயிற்சிப் பள்ளி உண்டு. மருத்துவமனையில் கதிரியக்கச் சிகிச்சைப் பக்கம் போக நினைப்பவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸைப் பார்க்கலாம். டேட்டா சயின்ஸ், மென்பொருள் என்று போகிறவர்களுக்கு ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்வது சுற்றுவழி.

சரி, பிஎச்டி யாருக்குத்தான் வேண்டும்? ஐஐடி, ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்), தரமணி கணித அறிவியல் நிறுவனம் மாதிரி இடங்களில் ஆராய்ச்சி செய்து பிழைக்க வேண்டும் என்பவர்களுக்கு. அங்கும் பிஎச்டியோடு முடிவதில்லை. அதன் பிறகு போஸ்ட்டாக் என்கிற தற்காலிக ஆராய்ச்சிப் பணி, ஒன்று, பெரும்பாலும் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வருடம், பல சமயம் வெளிநாட்டில். இருபத்துமூன்று வயதில் சேர்ந்தால் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முப்பதைத் தாண்டியிருக்கும். இந்தக் கணக்கை வீட்டில் முதலிலேயே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். கடன், தங்கை கல்யாணம் என்று பொறுப்பு இருந்தால் அதையும் சேர்த்தே பேசுங்கள்.

2. முடிவெடுக்கும் முன் இரண்டு மாதம் செய்து பாருங்கள்

பாடம் படிப்பதில் கெட்டிக்காரர் ஆராய்ச்சியில் சலித்துப்போவதும், சுமாரான மதிப்பெண் வாங்கியவர் லேபில் பிரகாசிப்பதும் சகஜம். தேர்வுக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. ஆராய்ச்சியில் கேள்வி சரியா என்பதே மாதக்கணக்கில் தெரியாது. அந்த நிலையைத் தாங்குகிற மனசு உங்களுக்கு இருக்கிறதா என்பதை உள்ளே இறங்கித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அதற்கு வழிகள் இருக்கின்றன. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) விஎஸ்ஆர்பி, ஐஐடி மெட்ராஸின் கோடைகால ஃபெலோஷிப் ஆகியவையும் இதே வகை. எதுவும் கிடைக்கவில்லையா? எம்எஸ்சி ப்ராஜெக்டையாவது உண்மையாகச் செய்யுங்கள். சீனியர் தீசிஸில் நான்கு பக்கம் மாற்றிச் சமர்ப்பிக்கிற ப்ராஜெக்டால் உங்களைப் பற்றி உங்களுக்கே எதுவும் தெரியவராது.

இந்த இரண்டு மாதத்தில் கவனிக்க வேண்டியது அன்றாட வேலையை. சோதனை இயற்பியல் என்றால் வாக்குவம் கசிவைத் தேடுவது, சாம்பிள் தயாரிப்பது, கருவிக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது, இரவில் அளவெடுப்பது. கோட்பாட்டு இயற்பியலில் நாள் முழுக்கக் காகிதமும் கரும்பலகையும். மூன்று வாரம் போட்ட கணக்கில் ஒரு மைனஸ் குறி தப்பு என்று தெரியவரும். கணினி சிமுலேஷனில் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அடுத்தவர் எழுதிய கணினி நிரலைப் புரிந்துகொள்வதில் போகும். கருந்துளை பற்றி யூடியூபில் பார்த்துச் சிலிர்ப்பதற்கும் அந்த ஆராய்ச்சியில் தினமும் உட்காருவதற்கும் சம்பந்தம் குறைவு. மேலே சொன்ன மூன்றில் எந்த எரிச்சல் உங்களுக்குப் பழகும் என்று பாருங்கள். பிரிவைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

3. பணம்: உதவித்தொகை இல்லாமல் முழுநேரம் சேராதீர்கள்

இதில் நான் கொஞ்சம் கறார். வசதியான வீடாக இருந்தால் தவிர, உதவித்தொகை கையில் இல்லாமல் முழுநேர பிஎச்டியில் சேர வேண்டாம். "முதலில் சேருங்கள், ஃபெலோஷிப் அப்புறம் வரும்" என்பது பல இடங்களில் சொல்லப்படும் வசனம். வராமலும் போகும்.

2023 ஜனவரியிலிருந்து ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், முதல் இரண்டு வருடத்துக்கு. அதன் பிறகு மதிப்பீடு செய்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆக்கினால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. விடுதியில் அறை கொடுத்துவிட்டால் அது கிடையாது. மொத்தம் ஐந்து வருடம். நெட்டில் ஜேஆர்எஃப் வாங்கியிருந்தால் பணம் உங்கள் பெயரில் வருகிறது, அதனால் கைடு தேடும்போது உங்கள் கை ஓங்கியிருக்கும். பல்கலைக்கழக அளவில் எம்எஸ்சியில் முதலிடம் வந்தவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபெலோஷிப் உண்டு. கோல்டு மெடல் வாங்கிவிட்டு இதற்கு விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆச்சரியம்தான்.

இன்னொரு வகை, பேராசிரியரின் ப்ராஜெக்டில் ஜேஆர்எஃப் ஆகச் சேர்வது. இது மோசமில்லை. ஆனால் ப்ராஜெக்ட் பெரும்பாலும் மூன்று வருடம்தான். பிஎச்டி முடிய ஐந்து ஆகும். மீதி இரண்டு வருடத்துக்கு என்ன வழி, ப்ராஜெக்டில் சேர்ந்த அன்றே பிஎச்டி பதிவும் நடக்குமா, ப்ராஜெக்ட் வேலையே தீசிஸ் ஆகுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நேராகப் பதில் சொல்லாத இடத்தில் சேர யோசிக்கலாம்.

எந்த ஃபெலோஷிப்பிலும் பணம் சில மாதம் தாமதமாவது உண்டு. இரண்டு மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள்.

பகுதிநேர பிஎச்டி பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே கல்லூரியில் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு அது பொருந்தும். புதிதாக எம்எஸ்சி முடித்தவர் கட்டணம் கட்டி, சம்பளமும் இல்லாமல், பகுதிநேரமாகப் பதிவு செய்வதில் எனக்கு எந்த லாபமும் தெரியவில்லை.

4. தேர்வுகளும் அவற்றின் காலமும்

ஒரே பாடத்திட்டம்தான் எல்லாவற்றுக்கும்: கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், எலக்ட்ரோடைனமிக்ஸ், குவாண்டம், ஸ்டாட்மெக், மேத்தமெட்டிகல் பிசிக்ஸ், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ். அதனால் தனித்தனியாகத் தயாராக வேண்டாம். எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் தேதிகளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். டிசம்பர் வாக்கில் டிஐஎஃப்ஆர் தேர்வு. பிப்ரவரியில் கேட் (GATE) தேர்வு. அதையொட்டி ஆராய்ச்சி நிறுவனங்கள் பல சேர்ந்து நடத்தும் ஜெஸ்ட் (JEST). சிஎஸ்ஐஆர் நெட் (இயற்பியலுக்கான நெட் இதுதான்) வருடத்துக்கு இரண்டு முறை என்பது கணக்கு, தேதி தள்ளிப்போவது வழக்கம். விண்ணப்பங்கள் இதற்கு மாதங்கள் முன்னாலேயே மூடிவிடும். கேட்டுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கண் வைக்க வேண்டும். தேர்வுக்குப் படித்துக்கொண்டே விண்ணப்பத் தேதியைக் கோட்டை விடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

நெட்டில் மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். பகுதி ஏ பொது அறிவுத்திறன், 20 கேள்வியில் 15 எழுதினால் போதும், 30 மதிப்பெண். பகுதி பியில் 25க்கு 20, தலா மூன்றரை. பகுதி சியில் 30க்கு 20, தலா ஐந்து. தப்புக்குக் கால் பங்கு கழியும். நம் மாணவர்கள் பகுதி ஏயை அலட்சியம் செய்கிறார்கள். அந்த 30 மதிப்பெண் கணிதமும் தர்க்கமும்தான், வங்கித் தேர்வுக்குப் படிக்கிற நண்பரோடு நாலு ஞாயிறு உட்கார்ந்தால் வந்துவிடும். பகுதி சியில் எல்லாவற்றையும் தொட வேண்டாம். உறுதியாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டைச் சரியாகப் போடுவது மேல். 2024 முதல் ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கும் பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்ற பிரிவு வந்திருக்கிறது. அந்த மதிப்பெண் ஒரு வருடம் செல்லும், ஆனால் அதோடு பணம் வராது. மூன்றாம் பகுதியில் சொன்னதை இங்கே நினைவில் வையுங்கள்.

பிஎஸ்சி மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாசல் இன்டக்ரேட்டட் பிஎச்டி. எம்எஸ்சி சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வு அல்லது ஜெஸ்ட் வழியாக எம்எஸ்சியும் பிஎச்டியும் சேர்ந்தே. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் (ஐஐஎஸ்சி) உண்டு, நம் தரமணியிலும் உண்டு.

5. சென்னையில் எங்கெங்கே

அடையாறு, கிண்டி, தரமணி என்று சில கிலோமீட்டருக்குள் இவ்வளவு இயற்பியல் இருக்கிற ஊர் இந்தியாவில் குறைவு. தரமணி சிஐடி வளாகத்தில் கணித அறிவியல் நிறுவனம், நாம் மேட்சயின்ஸ் என்று சொல்வது. அல்லாடி ராமகிருஷ்ணன் 1962ல் தொடங்கியது. இங்கே இருப்பது கோட்பாட்டு இயற்பியல். ஜெஸ்ட்தான் முக்கிய வாசல், பட்டம் ஹோமி பாபா தேசியக் கல்வி நிறுவனத்தின் பெயரில் வரும். ஐஐடி மெட்ராஸில் சோதனை, கோட்பாடு இரண்டும். வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. கேட் அல்லது நெட் தகுதியோடு விண்ணப்பித்தால் அவர்கள் தனியாகச் சோதித்து எடுப்பார்கள்.

கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் கோட்பாட்டு இயற்பியல், அணு இயற்பியல், கிரிஸ்டலோகிராஃபி மற்றும் பயோஃபிசிக்ஸ் எனத் தனித்தனித் துறைகள். கடைசியில் சொன்ன துறையை உருவாக்கியவர் ஜி.என். ராமச்சந்திரன்; கொலாஜனின் மும்முறுக்கு அமைப்பை ஐம்பதுகளில் இங்கிருந்துதான் சொன்னார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையோடு படிக வளர்ப்பு மையமும் இருக்கிறது. சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் (சிஎம்ஐ), சின்னக் குழு. ஈசிஆரில் தெற்கே போனால் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பொருளறிவியலுக்குப் பெரிய இடம். வானியல் ஆசை இருப்பவர்கள் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு (ஐஐஏ) விண்ணப்பிக்க வேண்டும். அவர்களுடைய தொலைநோக்கி ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிறது.

கலை அறிவியல் கல்லூரிகளிலும் பிஎச்டி நடக்கிறது. அங்கே நல்ல ஆசிரியர்கள் உண்டு. ஆனால் பல இடங்களில் சொந்தக் கருவி குறைவு. சாம்பிளைத் தயாரித்து, ஐஐடியின் சைஃப் மாதிரி பொதுக் கருவி மையத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பி, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதே வேலையாகிவிடும். அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது? கேட்டுக்கொள்ளுங்கள். மாணவரே கட்டுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது.

6. கைடு

எல்லாவற்றிலும் பெரியது இதுதான். சுமாரான நிறுவனத்தில் நல்ல கைடு கிடைத்தால் தப்பித்துவிடலாம். பெரிய நிறுவனத்தில் மோசமான கைடிடம் மாட்டினால் நிறுவனத்தின் பெயர் காப்பாற்றாது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரி இதில் விசாரிக்க வேண்டும், கூச்சமே கூடாது.

முதலில் கணினியில் செய்ய முடிகிற வேலை. ஷோத்கங்கா இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் தீசிஸ்கள் கிடைக்கும். அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ்களை எடுத்து வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சா, பொருளின் பெயர் மட்டும் மாறியிருக்கிறதா? எக்ஸ்ஆர்டி எடு, யுவி எடு, பேப்பர் போடு என்ற அச்சில் வார்த்த தீசிஸ்கள் நிறைய. அப்புறம் ஆர்கைவ் (arXiv) என்ற இலவசப் பேப்பர் தளத்தில் அவருடைய கடைசி ஐந்து வருடப் பேப்பர்களைத் தேடுங்கள். கோட்பாடு, உயர் ஆற்றல், வானியல் என்றால் அநேகமாக எல்லாம் அங்கே இருக்கும். மாணவர் பெயர் முன்னால் வருகிறதா, பணம் கட்டினால் எதையும் போடுகிற இதழ்களில் வந்தவையா என்று பாருங்கள்.

அடுத்தது நேரில். இப்போது அவரிடம் இருக்கிற ஸ்காலர்களைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ப் பேசுங்கள், லேபுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள், வாரத்தில் எத்தனை முறை சாரைப் பார்க்க முடிகிறது, எழுதிக் கொடுத்த டிராஃப்ட் எவ்வளவு நாளில் திரும்பி வருகிறது, பாதியில் விட்டுப் போனவர்கள் உண்டா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. சொந்த வேலைகளுக்கு ஸ்காலரை அனுப்புகிற பழக்கம் உண்டா என்பதையும் கேட்கலாம், கொஞ்சம் சுற்றி வளைத்து. பெண்கள் அங்கே இருக்கிற பெண் ஸ்காலர்களிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். யுஜிசியின் 2022 விதிகளின்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் வைத்துக்கொள்ளலாம். எட்டாவது ஆளாகச் சேர்கிறவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள். ஓய்வு பெறப் போகிறவரா என்றும் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர் பலருக்கு நல்ல தேர்வு. அவருக்கும் நீங்கள் முடிப்பது தேவை.

கடிதம் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில்" என்று ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்ப வேண்டாம். அவர்களுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். ஒருவருடைய ஒரு பேப்பரைப் படித்து, அதில் எந்த இடம் புரிந்தது, எந்த இடத்தில் கேள்வி எழுந்தது, நீங்கள் ப்ராஜெக்டில் என்ன செய்தீர்கள், எந்த ஃபெலோஷிப் இருக்கிறது என்று பத்து வரிக்குள் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதோடு விட்டுவிடுங்கள்.

7. நேர்காணல்

பெரும்பாலும் "உங்களுக்குப் பிடித்த பாடம் எது?" என்று தொடங்குவார்கள். அங்கே ஆசைக்கு ஸ்ட்ரிங் தியரி என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் தோண்டுவார்கள்.

கேள்விகள் எளிமையாகத் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறும். உதாரணமாக: முடிவிலாச் சுவர்கள் கொண்ட பெட்டிக்குள் ஒரு துகள், ஆற்றல் நிலைகளைச் சொல்லுங்கள். சொல்லிவிடுவீர்கள். பெட்டியின் நடுவில் ஒரு டெல்டா ஃபங்ஷன் தடையை வைத்தால்? இங்கே மனப்பாடம் உதவாது. நடுப்புள்ளியில் பூஜ்யமாகிற அலைச் சார்புகளுக்கு அந்தத் தடை இருப்பதே தெரியாது, அவற்றின் ஆற்றல் மாறாது. மற்றவை மேலே ஏறும். தடையை ரொம்பப் பெரிதாக்கினால்? பெட்டி இரண்டாகப் பிரிந்து, நிலைகள் ஜோடி ஜோடியாகச் சேரும். படம் வரைந்துகொண்டே இதுவரை வந்தால் போதும், சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது தெரியாத இடத்தில் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதை. "தெரியாது, ஆனால் இப்படித் தொடங்கிப் பார்க்கிறேன்" என்பது நல்ல பதில்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் ஒரு பயமாக இருக்கும். கரும்பலகையில் சாக்பீஸோடு நின்று, படத்தையும் சமன்பாட்டையும் எழுதியபடி பேசினால் உடைந்த ஆங்கிலம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் ஒரு பலகை வாங்கி மாட்டி, நண்பரை எதிரில் உட்காரவைத்துப் பழகுங்கள்.

8. வெளிநாடு

சுருக்கமாக: அமெரிக்காவில் பாடமும் ஆராய்ச்சியும் சேர்ந்து ஐந்தாறு வருடம், இயற்பியலில் கல்விக் கட்டணத்தை ரத்து செய்து உதவித்தொகையும் தருவார்கள், விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும், மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் உண்டு, எட்டுப் பத்து போட்டால் நல்ல தொகை ஆகிவிடும். ஜெர்மனியில் எம்எஸ்சி முடித்திருக்க வேண்டும். மூன்று நான்கு வருடம், பல இடங்களில் சம்பளம் வாங்கும் ஊழியராகவே சேர்வீர்கள். இயற்பியல் பிஎச்டிக்கு நீங்கள் கைக்காசு போட்டுக் கல்விக் கட்டணம் கட்ட வேண்டும் என்று எந்த ஏஜென்சியாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம்தான் நம்மவர்களுக்கு இடறுகிற இடம். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிற ஆசிரியரின் கடிதத்துக்கு மதிப்பில்லை. இரண்டாம் பகுதியில் சொன்ன கோடைகால வேலை இங்கே இரண்டாவது முறை பயன்படும்; உங்களோடு வேலை செய்தவரால் மட்டும்தான் உங்களைப் பற்றி நாலு வரி உண்மையாக எழுத முடியும்.

9. சேர்ந்த முதல் வருடம்

கோர்ஸ் வொர்க் இருக்கும், குறைந்தது 12 கிரெடிட். டாக்டோரல் கமிட்டி அமையும். யுஜிசி விதியில் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றோருக்கும் அதற்கும் மேல் இரண்டு. பிள்ளைப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. இதை யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கைடோடு ஒத்துவரவில்லை என்பது முதல் ஆறு மாதத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் "போகப்போகச் சரியாகிவிடும்" என்று இழுப்பதுதான் நடக்கிறது. கோர்ஸ் வொர்க் முடிந்து தலைப்புப் பதிவாகும் முன் மாற்றுவது சுலபம். துறைத் தலைவரிடம் ஒரு கடிதம், கமிட்டியின் ஒப்புதல், புதிய கைடின் சம்மதம், அவ்வளவுதான். உங்கள் பெயரில் ஃபெலோஷிப் இருந்தால் அதுவும் கூடவே வரும்; ப்ராஜெக்ட் பணம் அந்தக் கைடோடு நின்றுவிடும். அதனால் ப்ராஜெக்டில் சேர்ந்தவர்கள் முதல் வருடத்திலும் நெட் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.